ஒன்று போதும் என்று நான் சொன்னது

வாங்க வந்தவரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்ல விற்பனைப் பணியாளருக்கு உரிமை உண்டா என்பது எங்கள் தொழிலில் யாரும் கேட்காத கேள்வி. விற்பதற்குத்தான் சம்பளம். ஆயினும், ‘ஜெரிக்கோ’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசன் டிவிடி வெளியான 2008 ஜூன் மாதத்தில், நான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து கல்லா மேடையில் வைத்த முதியவர் ஒருவரிடம், “உங்களுக்கு ஒன்று போதும், சார்” என்று நான் சொன்னேன். அவர் மூன்றைத் திருப்பி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். நடந்தது இவ்வளவுதான். நான் சொன்னது சரி என்று இன்றும் வாதிடுவேன். ஆனால் வாதிட்டு முடித்த பிறகும் அந்த உரையாடல் மனத்தை விட்டு இறங்குவதில்லை.

அவரை எனக்கு அதற்கு முந்தைய அக்டோபரிலிருந்தே தெரியும். அமெரிக்காவில் புதிய டிவிடிகள் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளிவரும். திங்கள் இரவே சரக்கைப் பிரித்து அடுக்கிவிடுவோம். முதல் சீசன் வெளியான 2007 அக்டோபர் 2ஆம் தேதி காலையில் கடை திறந்ததும் அவர் நேராக என் பகுதிக்கு வந்தார். நான்கு பெட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று தமக்கு, மற்றவை பக்கத்து வீட்டுக்காரருக்கும் உறவினருக்கும் என்றார். ஒரே பொருள் நான்கு இருந்தால் ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு எண்ணிக்கையை நான்கு என்று அழுத்துவதுதான் எங்கள் வழக்கம். நான் விசையை நோக்கிக் கையைக் கொண்டுபோனபோது அவர் தடுத்தார். “ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், தயவுசெய்து” என்றார். ஒவ்வொரு பெட்டியையும் பார்கோடு என் பக்கம் இருக்கும்படி அவரே திருப்பித் தந்தார். நான்கு முறை ஒலி எழும்பியது. பிறகு கேட்டார்: “இவை நான்காகக் கணக்கில் சேருமா?” சேரும் என்றேன்.

இந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அவர் ஏதோ விசித்திரமான மனிதர் என்று தோன்றிவிடும். 2006 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஜெரிக்கோ’ தொடங்கியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். கதையில் அமெரிக்காவின் 23 நகரங்கள் அணுகுண்டுகளுக்கு இரையாக, கன்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூர் மட்டும் தொலைவில் எழுந்த காளான் மேகத்தைப் பார்த்தபடி தனித்து நிற்கிறது. அங்கிருப்பவர்கள் உப்புக்கும் எரிபொருளுக்கும் பக்கத்து ஊரோடு மோதும் நிலைக்கு வருகிறார்கள். நவம்பர் இறுதியில் நிறுத்தப்பட்டுப் பிப்ரவரியில்தான் தொடர் திரும்பியது. இந்த நீண்ட இடைவெளியில் பார்வையாளர்கள் பெரிதும் கலைந்துவிட, 2007 மே மாதம் தொடரை ரத்து செய்துவிட்டார்கள். முதல் சீசனின் கடைசி அத்தியாயம், இரண்டு ஊர்களுக்கும் சண்டை மூளும் கணத்திலேயே நின்றுவிடுகிறது.

சரணடையச் சொன்ன எதிரிக்கு அந்த அத்தியாயத்தில் கதாநாயகன் ‘நட்ஸ்’ என்று ஒரே சொல்லில் பதில் தருகிறான். இரண்டாம் உலகப்போரில், 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகர முற்றுகையின்போது அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் ஜெர்மானியர்களுக்கு அனுப்பிய பதில் அது. ஏளனமாக மறுக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டை, கடலை என்றும் பொருள் உண்டு. ரசிகர்கள் அதையே பிடித்துக்கொண்டு சிபிஎஸ் அலுவலகத்துக்கு வேர்க்கடலை மூட்டைகளை அனுப்பத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 20 டன் போய்ச் சேர்ந்தது. அதில் பெரும்பங்கு எங்கள் நியூ ஜெர்சியில் இயங்கிய ஓர் இணையக் கடலை வணிகத்தின் வழியாகப் போனது என்பதால், எங்கள் பக்கத்தில் இது எல்லோர் வாயிலும் புகுந்த செய்தி. ஜூன் 6ஆம் தேதி சிபிஎஸ் பொழுதுபோக்குப் பிரிவின் தலைவர் நினா டாஸ்லர், ஏழு அத்தியாயங்களுக்கு அனுமதி தருவதாக அறிவித்தார். கடலையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதோடு, தொடர் நிலைக்க வேண்டுமானால் புதிய பார்வையாளர்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். முதியவர் அந்த வேண்டுகோளை ஒரு பொறுப்பாக ஏற்றுக்கொண்டவர். மூன்று பெட்டிகள் மூன்று வீடுகளுக்குப் போனால் மூன்று புதிய வீடுகள் சேரும். அவருடைய கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.

அவருடைய ஆதங்கம் வேறொன்றும் இருந்தது. நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த பல ஆயிரம் வீடுகளில் ஓடும் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தே நாடு முழுவதும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அப்போது கணித்தார்கள். அவர் வீடு அதில் இல்லை. அவர் ஒவ்வொரு வாரமும் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த எண் அசையப்போவதில்லை. “நான் பார்ப்பது யாருக்கும் தெரியாது” என்று அவர் குறைப்பட்டுக்கொண்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆனால் டிவிடி அப்படியல்ல. கடைகளின் கல்லாவில் ஸ்கேன் ஆகும் டிவிடிகளைத் திரட்டி விற்பனை நிலவரம் தந்த வீடியோஸ்கேன் என்ற ஏற்பாடும் அதே நீல்சனுடையதுதான். எங்கள் கடையும் அதற்குத் தகவல் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டில் எண்ணப்படாத மனிதரைக் கல்லாவிலாவது எண்ணுகிறோமே என்று எனக்கு உள்ளூர ஒரு நிறைவு இருந்தது. மேலும், ஃபாக்ஸ் தொலைக்காட்சி கைவிட்ட ‘ஃபேமிலி கை’ தொடர் டிவிடி விற்பனையின் பலத்தில் 2005இல் திரும்பிவந்ததையும், ‘ஃபயர்ஃப்ளை’ தொடரின் டிவிடி விற்பனை அதற்கு ஒரு திரைப்படத்தையே பெற்றுத்தந்ததையும் எங்கள் துறையில் எல்லோரும் அறிவோம். ஆகவே சேரும் என்று நான் சொன்னது வியாபாரத்துக்காகச் சொன்ன வார்த்தை அல்ல. நம்பித்தான் சொன்னேன்.

இரண்டாம் சீசன் 2008 பிப்ரவரி 12 தொடங்கி மார்ச் 25 வரை ஓடியது. வாரத்துக்கு ஏறக்குறைய 60 லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சி வலையமைப்புக்கு அது போதவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு நான்கு நாள் முன்பே, மார்ச் 21 அன்று, தொடர் மீண்டும் ரத்து செய்யப்பட்டது. இரண்டு முடிவுகளைப் படமாக்கி வைத்திருந்தார்கள். தொடர்ந்தால் காட்ட ஒன்று, நின்றால் காட்ட ஒன்று. நின்றதற்குரிய முடிவு ஒளிபரப்பானது. மற்றது டிவிடியில் சேர்க்கப்பட்டது. முதல் சீசன் ஆறு வட்டுகள் கொண்ட கனமான பெட்டி. இரண்டாவது இரண்டே வட்டுகள். எங்கள் கடைக்கு வந்த பெட்டிகளும் குறைவுதான். அலமாரியின் முகப்பில் இடம் கிடைக்கவில்லை, அகர வரிசையில் உள்ளே போயிற்று.

அன்று அவர் வந்தபோது கடையில் கூட்டமில்லை. நான்கு பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். முன்பு போலவே முதல் பெட்டியைப் பார்கோடு மேலே வரும்படி திருப்பினார். அந்தத் திருப்பலைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தொடர் முடிந்துபோனது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகத் திரும்பவும் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இனி எந்த எண்ணை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? “உங்களுக்கு ஒன்று போதும், சார். இனிமேல் இதை யாரும் எண்ணப்போவதில்லை” என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பெட்டிகளின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, “போன முறை கொடுத்தவர்களிடம் பாதிக் கதைதானே இருக்கிறது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. “சரி, ஒன்றையே மாற்றி மாற்றிப் பார்க்கட்டும்” என்று அவரே முடித்தார். மூன்று பெட்டிகளைக் கொண்டுபோய், எடுத்த இடத்தில், எடுத்த வரிசையில் வைத்தார். கல்லாவில் விட்டுவிட்டுப் போயிருந்தால் நான் வைத்திருப்பேன். வாங்காத பொருளைத் திரும்ப வைக்கும் வாடிக்கையாளர்கள் அரிது.

என் தரப்பை நான் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அவர் ஓய்வூதியத்தில் வாழ்பவர். தள்ளுபடிச் சீட்டுகளைப் பணப்பையில் மடித்து வைத்திருப்பவர். ஒரு பெட்டியை நான்கு வீடுகள் பகிர்ந்துகொள்வதில் எந்த இழப்பும் இல்லை. நான் சொன்னதில் பொய்யும் இல்லை. அன்றைய நிலையில் மூன்றாம் சீசன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரசிகர்கள் வேறு தொலைக்காட்சிகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எங்கள் கடையில் விற்கும் மூன்று பெட்டிகள் அந்தக் கதவைத் திறக்கும் என்று சொல்லி ஒரு முதியவரின் பணத்தை வாங்கியிருந்தால் என்னை நான் எப்படி மதித்திருப்பேன்? அவரே முடிவு செய்தார், அவரே திருப்பி வைத்தார். நான் தடுக்கவில்லை, தகவல் சொன்னேன்.

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும்போதே இன்னொரு குரல் கேட்கிறது. அவர் என்னிடம் தகவல் கேட்கவே இல்லை. அக்டோபரில் கேட்டார், பதில் சொன்னேன். ஜூனில் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். அவர் அந்த மூன்று வீடுகளுக்கும் ஒரு கடமைப்பட்டிருந்தார். சண்டை மூளும் கணத்தில் நிற்கும் கதையை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, பாதிக் கிணறு தாண்டிய நிலையில் அவர்களை விட்டுவிட அவருக்கு மனமில்லை. அந்தக் கடமைக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. எண்ணிக்கையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது நான்தான் போலும். அல்லது அவரும் இரண்டையும் சேர்த்தே நினைத்திருந்து, நான் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னதும் இன்னொன்றைச் சொல்லித் தம் கௌரவத்தைக் காத்துக்கொண்டாரா? பார்கோடைத் திருப்பியது வெறும் பழக்கமாக இருக்கலாம். அந்த ஒரு செய்கையை வைத்துக்கொண்டு அவர் உள்ளத்தைப் படித்துவிட்டதாக நான் நினைத்தது எந்த நியாயத்தில்?

விசித்திரம் என்னவென்றால், அக்டோபரில் நான் சொன்ன ‘சேரும்’ என்ற பதில் என்னை உறுத்துவதே இல்லை. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்த நான்கு பெட்டிகளால் எதுவும் மாறவில்லை. அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவர் பணம் செலவழித்தார். நியாயமாகப் பார்த்தால் அதற்காகத்தான் நான் வருந்த வேண்டும். ஆனால் அன்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு போன நடை எனக்குத் தெரியும். அடுத்த வரிசையில் இளைஞன் ஒருவனை நிறுத்தி, ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் தலைப்போடு மோர்ஸ் தந்திக் குறியில் ஒரு செய்தி ஒலிக்கும், கவனித்துக் கேள் என்று விளக்கிவிட்டுத்தான் வெளியேறினார். ஜூனில் யாரிடமும் பேசவில்லை. பணம் மிச்சமானது அவருக்கு லாபம் என்று நான் போட்ட கணக்கில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை.

இதை அப்போது உடன் பணியாற்றிய ஒருவரிடம் சொன்னபோது, விற்பனை மூன்று குறைந்தது, அவ்வளவுதானே என்றார். மேலாளருக்குத் தெரிந்திருந்தால் கண்டித்திருப்பார். அதற்கு நான் பதில் வைத்திருந்தேன்: நம்பிக்கையோடு திரும்பிவரும் வாடிக்கையாளர் மூன்று பெட்டிகளை விடப் பெரியவர். ஆனால் அவர் அதன் பிறகு எங்கள் பகுதிக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. அதற்கும் நான் சொன்னதற்கும் தொடர்பு இருந்ததா என்று முடிவுகட்ட என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஆண்டுகளில் டிவிடி வாங்குவதையே பலர் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

2009இல் ‘ஜெரிக்கோ’வின் மூன்றாம் சீசன் காமிக்ஸ் வடிவில் வெளிவரத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நான்காவதும் வந்தது. யாரும் எண்ணப்போவதில்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னேனே, யாரோ எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இத்தனை பேர் இன்னும் இந்தக் கதையை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தானே ஒரு பதிப்பகம் துணிந்தது? அதில் டிவிடி விற்பனைக்கு எவ்வளவு பங்கு, கடலைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. நான் சொன்னது தொலைக்காட்சியைப் பற்றி, காமிக்ஸைப் பற்றியல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது சரியான சமாதானம்தான். ஆனால் அவர் கதையின் தொடர்ச்சியைத்தான் விரும்பினார், அது எந்த வடிவில் வந்தால் என்ன என்று அவர் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது.

அதன் பிறகு அந்த வேலையில் இருந்தவரை ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டேன். பாதியில் ரத்தான தொடரின் பெட்டியைக் கையில் எடுத்து, “இது முழுக்கதையா?” என்று கேட்பவர்களிடம் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கதையைக் கெடுக்காமல் சொல்லிவிடுவேன். சிலர் வைத்துவிட்டுப் போனார்கள், சிலர் பரவாயில்லை என்று வாங்கினார்கள். கேட்காதவர்களிடம் நானாக எதையும் சொன்னதில்லை. கேட்காமல் வாங்கிப்போன சிலர் திரும்பிவந்து, முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டதும் உண்டு. அவர்களுக்கு என்ன விளக்கம் சொல்வது என்பதை நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.