கூரை திறக்கலீங்களா? டிக்கியப் பாருங்க

ஊட்டி ஏறலாம்னு மேட்டுப்பாளையத்துல நிறுத்திப் பட்டனை அமுக்கறீங்க, கன்வர்ட்டிபிள் காரோட (கூரையை மடிச்சுத் திறக்கற வண்டி) கூரை அசையவே இல்லை. டிக்கிக்குள்ள மடியற கூரைக்கும் பைகளுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு முழுசா இறங்கி மாட்டியிருக்குதான்னு முதல்ல பாருங்க. நிறைய வண்டிக்கு வியாதி இதுதானுங்க. பை தள்ளி அது தூக்கியிருந்தா சென்சார் விடாது.

அடுத்தது பேட்டரி. வண்டி ஆஃப்ல 12.4 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா சார்ஜ் போடுங்க, இன்ஜினை ஓடவிட்டே அமுக்குங்க.

கூரை மோட்டார் சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், கூரைப் பூட்டு சென்சார் இதையெல்லாம் பாருங்க. சத்தம் வந்தும் எந்திரிக்கலைன்னா கூரையைத் தூக்கற ஹைட்ராலிக் ஆயில் குறைஞ்சிருக்கலாம், சிலிண்டர் சீல்ல கசிவு தேடுங்க. மேனுவல்ல சொன்ன ஆயில் மட்டும் ஊத்துங்க. கையில கிடைச்சதை ஊத்தினா சீல் ஊதிப் போயிரும்.

மழை வந்துருச்சுன்னு கையால இழுக்கறதா இருந்தா, ஹைட்ராலிக் பம்ப்புல பைபாஸ் வால்வு (ஆயில் அழுத்தத்தை விடற திருகு) இருக்கற வண்டிகள்ல அதைத் திறந்துட்டு இழுங்க. திறக்காம இழுத்தா கூரைச் சட்டம் வளைஞ்சிரலாம்.