கணக்கைக் காட்டிய பிறகு

இளைஞர் திட்டங்களில் வேலைக்குச் சேர்பவர்கள் முதலில் பழகுவது விண்ணப்பம் எழுதத்தான். எத்தனை பேருக்குப் பயிற்சி, எந்த மாதம் திறப்பு விழா என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் நிதி வரும். அதனால் முதல் பையனோ பெண்ணோ உள்ளே காலடி வைப்பதற்கு முன்பே என்ன செய்யப் போகிறோம் என்பது முடிவாகியிருக்கும். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், காப்பகத்தில் வளர்ந்து 18 வயதானதும் வெளியே வந்தவர்கள், ஒருமுறை காவல் நிலையம் போய்வந்த காரணத்தாலேயே வேலை கிடைக்காதவர்கள் என்று பலருடன் பழகிவிட்டேன். முடிவெடுக்கும்போது அவர்கள் கூட இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் நிலைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இது எனக்கு மட்டும் தோன்றிய விஷயமில்லை. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அது மதிக்கப்படவும் சிறுவர்களுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 12ஆவது பிரிவில் சொல்கிறது. 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வில் ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் இளையோர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். பெரியவர்கள் தங்கள் தேவைக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது ஆகிய கீழ்ப்படிகள் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே கருதவில்லை. ஒரே மாதிரி டி-ஷர்ட் போட்டு வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் படத்தை ஆண்டறிக்கையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது படிதான் ஞாபகம் வரும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது குப்பை கொட்டும் இடமாகிப்போன ஒரு காலி மனை. சுவரோவியம், கற்பலகை இருக்கைகள், செடிகள் என்று வரைபடம் தயாராக இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. அதை ஆர்வமின்மை என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் இவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் இதுவரை பதில் ஏற்கெனவே முடிவாகித்தானே இருந்தது? சரி என்று செலவுக் கணக்குத் தாளை அப்படியே மேசையில் விரித்து வைத்தோம். அதன் பிறகுதான் பேச்சு மாறியது. "விழா மேடைக்கு எதுக்கு இவ்வளவு?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தப் பணத்தில் எத்தனை விளக்கு போடலாம் என்று பக்கத்தில் இருந்தவள் கணக்குப் போட்டாள். மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்கள் அந்த மனையைத் தவிர்க்க ஒரு தெரு சுற்றிப் போகிறார்கள் என்பது எங்கள் வரைபடத்தில் எங்கேயும் இல்லை. பையன்களுக்கோ உட்கார இருக்கை வேண்டும். இருட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் நாங்கள் எப்படிக் கடந்து போவது என்று பெண்கள் கேட்டார்கள். குரல் உயர்ந்தது, இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள், அப்புறம் திரும்பி வந்தார்கள். கடைசியில் இருக்கைகள் விளக்கடியில், பாதையை விட்டுத் தள்ளி என்று முடிவானது. நாங்கள் கூலி கொடுத்து வரவழைக்கும் எந்த வடிவமைப்பாளருக்கும் இது தெரிந்திருக்காது.

கூலி என்றதும் இன்னொன்று. பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் எங்கேயோ மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழைப் பிள்ளைகளிடம் மட்டும் ஊரைச் சீரமைக்கும் வேலையைச் சேவை என்ற பெயரில் இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமே இல்லை. 1978இல் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் டோரதி ஸ்டோன்மன் என்ற சமூகச் செயற்பாட்டாளர் அங்குள்ள பதின்வயதினரிடம் உங்கள் பகுதிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பாழடைந்த வீடுகளைத் திரும்பக் கட்டுவோம் என்றார்கள். கைவிடப்பட்ட ஒரு குடியிருப்பை அவர்களே புதுப்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் யூத்பில்ட் என்ற இளைஞர் திட்டம். அங்கே இளைஞர்கள் ஒரு பக்கம் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள், மறுபக்கம் வீடு கட்டும் வேலை கற்றுக்கொண்டு உதவித்தொகையும் பெறுகிறார்கள். எங்கள் திட்டத்திலும் வேலை நாட்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதும் வருகைப்பதிவு மாறியது. இதற்காக நடந்த வாதங்கள் எனக்கு மறக்காது. பணத்துக்காக வருவார்களே என்றார்கள் எதிர்த்தவர்கள். நாம் எல்லோரும் சம்பளத்துக்குத்தானே வருகிறோம்!

இதில் எனக்கு நிம்மதி தராத ஒன்றும் உண்டு. இடம் அழகானால் வாடகை ஏறும். சீர்செய்த கைகளுக்குச் சொந்தமான குடும்பங்களே வேறு இடம் தேட நேரிடும். ஓர் இளைஞர் குழுவால் மட்டும் இதைத் தடுக்க முடியாது. ஆனால் வாடகையும் குடியிருப்பும் பேசப்படும் கூட்டங்களில் அந்தப் பிள்ளைகள் போய் உட்கார வேண்டும், பேச வேண்டும். அதற்குத் தயார்ப்படுத்துவதும் தையல், மின்வேலைப் பயிற்சிகளைப் போல எங்கள் வேலைதான்.

நிதிக்காலம் முடிவதற்குள் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பைக் குழுவில் இருவருக்கு மாற்றினோம். விளக்கு பழுதானால் யாரைக் கூப்பிடுவது, செலவை எங்கே எழுதுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனாலும் திடீரென்று ஒருவன் காணாமல் போனால் வீடு தேடிப் போக, நேர்காணலுக்கு முதல் நாள் இரவு பயந்து அழைப்பவளிடம் பேச, அவர்களுக்குப் பழகிய ஒரு ஆள் வேண்டும். நிதி தருபவர்களிடம் இப்போதெல்லாம் நான் புதுக் கட்டடம் கேட்பதில்லை. அதே களப்பணியாளருக்கு இன்னும் சில வருடச் சம்பளம் கேட்கிறேன்.