வீடு வாங்கும்முன் பார்க்கும் அந்த எண்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே பிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள், வாசல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்பது அந்த முகவரிக்குரிய எலிமென்டரி ஸ்கூலின் ரேட்டிங்கைத்தான். வீடு விற்கும் இணையதளங்களில் ஒவ்வொரு வீட்டின் விவரத்தோடும் கிரேட்ஸ்கூல்ஸ் அமைப்பு தரும் ஒன்று முதல் பத்து வரையிலான ஓர் எண் காட்டப்படுவதால், எட்டுக்குக் கீழே போன பள்ளியைப் பலர் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். இங்கே பிள்ளை வளர்க்கும் ஒருவன் என்ற முறையில் இந்தப் பழக்கத்தோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பள்ளியைத் தேடிப் போவது தவறென்று நான் சொல்லவில்லை. நாம் பார்க்கும் எண்ணில் பெரும்பங்கு, பள்ளிக்குள் நடக்கும் கற்பித்தலைவிடப் பள்ளியைச் சுற்றி யார் குடியிருக்கிறார்கள் என்பதையே காட்டுகிறது என்பதுதான் என் வாதம்.

அந்த எண்ணுக்கு முக்கிய அடிப்படை மாநிலத் தேர்வின் முடிவுகள். டெக்சாஸில் 2012 முதல் நடந்துவரும் ஸ்டார் என்ற அந்தத் தேர்வை மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும், ஐந்தாம் வகுப்பினர் கூடுதலாக அறிவியலிலும் எழுதுகிறார்கள். முடிவு நான்கு நிலைகளில் வரும். மிகக் கீழ்நிலை 'டிட் நாட் மீட்'. அதற்கு மேலே 'அப்ரோச்சஸ்', 'மீட்ஸ்', 'மாஸ்டர்ஸ்'. 'அப்ரோச்சஸ்' எட்டினாலே தேர்ச்சிதான் என்றாலும், வகுப்புக்குரிய தரத்தில் பிள்ளை உறுதியாக நிற்கிறது என்று பொருள் கொள்ளத்தக்கது 'மீட்ஸ்' நிலையே. பள்ளியின் சாதனைக் கணக்கில் மேலுள்ள மூன்று நிலைகளில் ஒவ்வொன்றையும் எட்டியவர்களின் விழுக்காடுகளைக் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள்.

இந்தச் சராசரிக்குள் பள்ளி கொடுத்ததும் வீடு கொடுத்ததும் பிரிக்க முடியாதபடி கலந்து கிடக்கின்றன. இரண்டு பெற்றோரும் பட்டம் பெற்று, மூன்று வயதிலிருந்தே கதைப்புத்தகம் வாசித்துக் காட்டி, வாரம் இருமுறை கூமோன் வகுப்புக்கும் காரில் கொண்டுபோய் விடுகிற வீட்டுப் பிள்ளை, சுமாரான பள்ளியில் படித்தாலும் பெரும்பாலும் 'மீட்ஸ்' நிலையைத் தாண்டிவிடும். நம்மவர்கள் குவிந்திருக்கும் பகுதிகளின் பள்ளிகள் வாங்கும் உயர்ந்த ரேட்டிங்கில், நாம் தனியே கட்டும் அந்த டியூஷன் கட்டணமும் அடங்கியிருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. மறுபுறம், ஆங்கிலத்தை இப்போதுதான் கற்கத் தொடங்கி, வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறுகிற குடும்பத்துப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில், ஓராண்டில் ஒன்றரை ஆண்டுப் பாடத்தைக் கற்றுக்கொடுக்கும் டீச்சர் இருந்தாலும் சராசரி தாழ்ந்தேதான் தெரியும்.

இது என் ஊகம் மட்டுமன்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன், நாடு முழுவதும் ஏறக்குறைய 11,000 பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகளின்) தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தபோது, ஒரு மாவட்டத்தின் சராசரி மதிப்பெண் அங்குள்ள குடும்பங்களின் பொருளாதார நிலையோடு நெருங்கிப் பொருந்துவதையும், பிள்ளைகள் ஆண்டுதோறும் கற்கும் வேகம் அவ்வாறு பொருந்தாததையும் கண்டார். அவர் காட்டிய சிகாகோ எடுத்துக்காட்டு பிரபலமானது. மூன்றாம் வகுப்பில் தேசியச் சராசரிக்கு மிகவும் பின்தங்கியிருந்த அந்நகரப் பள்ளி மாணவர்கள், எட்டாம் வகுப்பை எட்டுவதற்குள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியைப் பெற்றிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்ப்பவர் அந்நகரப் பள்ளிகளைத் தோற்றுப்போனவை என்றே எழுதிவைப்பார்.

நியாயமாகச் சொன்னால், டெக்சாஸ் கல்வி முகமைக்கும் இது தெரியும். அது ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை தரும் தரத்தில், சாதனை, முன்னேற்றம் ஆகிய இரண்டில் எது சிறந்ததோ அதற்கு 70 விழுக்காடும், மாணவர் குழுக்களுக்கிடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30 விழுக்காடும் எடை தரப்படுகிறது. முன்னேற்றத்துக்குள்ளேயே இரண்டு அளவுகள் உள்ளன: ஒரே பிள்ளையின் சென்ற ஆண்டு முடிவோடு இந்த ஆண்டு முடிவை ஒப்பிடுவது ஒன்று, வறுமை நிலையில் ஏறத்தாழ ஒத்த பள்ளிகளோடு இந்தப் பள்ளியை ஒப்பிடுவது மற்றொன்று. என் பார்வையில் இந்த இரண்டும்தான் பெற்றோர் பார்க்க வேண்டியவை. ஆனால் மூன்றாம் வகுப்பினருக்கு முந்தைய ஆண்டுத் தேர்வு இல்லாததால், ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியில் வளர்ச்சியை நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு மட்டுமே கணிக்க முடிகிறது. படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையை வாசிக்கவைக்கும் முதல் வகுப்பு டீச்சரின் உழைப்பு அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

இன்னொன்று, எண்ணிக்கை சிறியது என்பது. ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பில் 60 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஐந்து பேர் இந்த ஆண்டு தேர்ச்சி எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால் தேர்ச்சி விழுக்காடு எட்டுப் புள்ளிகளுக்கு மேல் சரியும். பள்ளியில் எதுவுமே மாறியிருக்காது. சென்ற ஆண்டுப் பிள்ளைகள் வேறு, இந்த ஆண்டுப் பிள்ளைகள் வேறு, அவ்வளவுதான். இதற்காகப் பெற்றோர் குழுவில் பிரின்சிபலைக் குறைகூறி விடிய விடியச் செய்தி அனுப்புவதில் பொருளில்லை. ஓராண்டு எண்ணைத் தனியாக எடுத்துக்கொள்ளாமல், மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

எல்லைக்கோடு வேறொரு தீங்கையும் செய்கிறது. டெக்சாஸின் ஒரு தொடக்கப் பள்ளியை நெருங்கி ஆராய்ந்து சமூகவியலாளர் ஜெனிபர் ஜென்னிங்ஸ் 2005இல் வெளியிட்ட கட்டுரை, அங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளை எப்படியும் தேறுபவர்கள், முயன்றால் தேறக்கூடியவர்கள், தேறவே மாட்டாதவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, நடுவிலுள்ளவர்களுக்கே கூடுதல் நேரத்தைச் செலவிட்டதைப் பதிவு செய்தது. அப்போது தேர்வு வேறு, விதிகள் வேறு. ஆயினும் ஒரு கோட்டைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணும் எந்த முறையிலும் இந்த ஆசை எழத்தான் செய்யும். இதில் ஆசிரியர்களைக் காட்டிலும் கணக்கிடும் விதியையே நான் குறை சொல்வேன். நமக்கு இதில் நேரடி அக்கறையும் உண்டு, ஏனென்றால் எப்படியும் தேறிவிடுவார்கள் என்று ஒதுக்கப்படும் கூட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள்.

ஆகவே வீடு பார்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டால், கல்வி முகமை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளி அறிக்கையைத் திறந்து, முதலில் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர்களின் விழுக்காட்டையும், நடுவில் பள்ளி மாறுவோரின் விழுக்காட்டையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே மதிப்பெண்ணுக்கு வரச் சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்டோர் இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பள்ளி 'பி' வாங்கியிருந்தால், அது எனக்கு வசதியானவர்கள் மட்டுமே படிக்கும் பள்ளியின் 'ஏ'யைவிட அதிகம் சொல்கிறது. அதற்கும் மேலே, வேலைநாள் ஒன்றில் அனுமதி கேட்டுப் போய், மூன்றாம் வகுப்பு அறையில் பிள்ளைகள் எதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.

2025இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2027-28 கல்வியாண்டிலிருந்து ஸ்டார் தேர்வு போய், ஆண்டின் தொடக்கம், நடு, இறுதி என மூன்று சிறிய தேர்வுகள் வரவிருக்கின்றன. ஒரே ஆண்டுக்குள் ஒரு பிள்ளை எங்கிருந்து எங்கே வந்தது என்பதை அப்போது பெற்றோரும் பார்க்கலாம். வீடு விற்கும் தளங்கள் அந்த வேறுபாட்டைக் காட்டப்போகின்றனவா, அல்லது கடைசித் தேர்வின் எண்ணை மட்டும் எடுத்துப் பழையபடி பத்துக்கு எத்தனை என்று போடப்போகின்றனவா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.