சிவப்பு ஊசி

காரைக்குடியில் மே மாதம் ஜெல் ஓட்டுவது, அதாவது டிஎன்ஏவை மின்சாரம் பாய்ச்சி ஜெல்லுக்குள் நகரவிட்டுப் பிரித்துப் பார்ப்பது, தனி அவஸ்தை. நாங்கள் மடிக்கும் டிஎன்ஏ வடிவங்கள் குலையாமலிருக்க மக்னீசியம் வேண்டும். அந்த உப்பைச் சேர்த்தால் மின்சாரம் கூடுதலாகப் பாய்ந்து பெட்டி சூடாகும். கோடாக வர வேண்டிய பட்டை தீற்றலாகிவிடும். சேர்ந்த புதிதில் இரண்டு வாரம் எனக்குத் தீற்றல்தான். கடைசியில் ஆய்வக உதவியாளர் அண்ணன் மீன் கடையில் ஐஸ் வாங்கிவந்து பெட்டியைச் சுற்றிக் கொட்டினார். அன்றைக்கு ஒரே கோடு. லேசாக மீன் வாடையும்.

எம்13 என்ற வைரஸின் ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து நீளமான ஒற்றை டிஎன்ஏ இழைதான் எங்கள் ஓலை. இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி இழைகளோடு கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால், அவை நெடிய இழையை அங்கங்கே பிடித்து மடக்கிவிடும். பால் ராத்மண்ட் 2006இல் வெளியிட்ட முறை. ஓலையில் கொட்டான் கூடை பின்னிக்கொண்டிருந்த ஆயாவிடம், என் பாட்டியிடம், இதைச் சொன்னேன்.

"கை படாம எப்படிடா மடங்கும்?"

சரியான கேள்வி. ஜோடி சேர வேண்டிய எழுத்து எது என்பது இழையிலேயே இருக்கிறது என்றேன். ஆயா நம்பவில்லை.

மடித்ததில் நாங்கள் ஏற்றுவது டாக்ஸோரூபிசின். மார்புப் புற்றுக்கு ஆயாவுக்கு ஏற்றிய அதே சிவப்பு ஊசி. முடி கொட்டியது, வாயெல்லாம் புண், இதயத்துக்கு அடிக்கடி எக்கோ. அந்தச் சிவப்பு டிஎன்ஏ ஏணியின் படிகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும். சுழற்றி எடுத்தால் குழாயின் அடியில் சிவப்புப் பொட்டாகத் தங்கும். கண்ட இடமெல்லாம் போகாமல் கட்டியிடம் மட்டும் போகவைக்கத்தான் இத்தனை பாடும். 2018இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை டிஎன்ஏ சுருளில் பொதிந்து, எலிகளின் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை அடைத்துக் காட்டினார்கள். எங்களுடையதோ சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், போட்ட சில மணி நேரத்தில் பிய்ந்துவிட்டது. ரத்தத்தில் டிஎன்ஏவை நறுக்கும் நொதிகள் உண்டு, மக்னீசியமும் குறைவு. மேலே பாலிமர் பூசிப் பார்க்கிறோம்.

ஆயாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. போன மாதம் ஒரு சாந்தி விசேஷத்தில், வளவில் உட்கார்ந்து, "பேரன் கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டது. பந்தி முடிவதற்குள் ஒரு ஆச்சி மஞ்சள் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்கள்.

"இன்னும் எலியோடதான் ஆச்சி நிக்குது. டாக்டர் போடுற ஊசியை விட்டுடாதீங்க."

தலையாட்டிக்கொண்டே காகிதத்தை மடித்து வைத்தார்கள். அப்புறம், "அதுவும் சிவப்பாத்தான் இருக்குமா தம்பி?" என்றார்கள்.

"ஆமா ஆச்சி. அதே மருந்துதான்."