ஆற்காட்டுல இருந்து 26 கிலோமீட்டர்

ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஆற்காட்டுல சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன், போரடிச்சுதுன்னு வேலூர் கோட்டைய பாத்துட்டு வரேன்னு கெளம்பிட்டேன். "இந்த வெயில்ல எவன்டா கோட்டைக்குப் போவான்"னு சித்தி கத்துனது தெருமுனை வரைக்கும் கேட்டுது.

பஸ்ல ஜன்னல் சீட்டு. கிரீன் சர்க்கிள்கிட்ட வழக்கம்போல மாட்டிக்கிச்சு. அப்பதான் உறைச்சுது, 1806 ஜூலை 10 காலையில, வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க பண்ண கலகத்த அடக்க வெள்ளைக்கார கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோட விரட்டிக்கிட்டு வந்ததும் இதே ஆற்காட்டுல இருந்துதான். 26 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். கூட வந்ததுல மெட்ராஸ் குதிரைப்படை ஆளுங்களும் உண்டு, அதாவது நம்மாளுங்கதான்!

பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தா அகழி, அதைத் தாண்டுனா கோட்டை. "தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்"னு எங்க பக்கம் வேலூர நக்கல் அடிப்பாங்க. கோயிலுக்கு 1981ல ஜலகண்டேஸ்வரர் வந்துட்டாரு, பாலாறு மட்டும் அப்படியே கெடக்குது.

ராஜாவும் ஒரே ஒரு நாள் இருந்தாரு. சிப்பாய்ங்க நெத்தியில விபூதி நாமம் கூடாது, தாடி கூடாது, தோல் வச்ச புதுத் தலைப்பாகைதான் கட்டணும்னு ராணுவத் தளபதி கிராடக் ரூல் போட்டாரு. பாக்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருக்கும், மதம் மாத்தப் போறாங்கன்னு இந்து முஸ்லிம் ரெண்டு பக்கமும் பயந்துட்டாங்க. திப்புவோட குடும்பத்த அடைச்சு வச்சிருந்ததும் இதே கோட்டையிலதான், முந்தின நாள் அவரு பொண்ணுக்குக் கல்யாணம் வேற. ராத்திரியோட ராத்திரியா சிப்பாய்ங்க எழும்பி, கோட்டைக்குப் பொறுப்பா இருந்த கர்னல் ஃபேன்கோர்ட்ட கொன்னு, மைசூர் கொடிய ஏத்தி, திப்பு மகன் ஃபத்தே ஹைதர்தான் ராஜான்னு சொல்லிட்டாங்க.

நான் மதில் மேல நின்னு கீழ எட்டிப் பாத்தேன், தலை சுத்துது. கில்லெஸ்பி இதுல கயிறும் ஒரு சார்ஜென்ட்டோட இடுப்புத் துணியும் புடிச்சு ஏறுனாராம். அப்புறம் பீரங்கியால கேட்ட ஒடச்சு குதிரைங்க உள்ள வந்துடுச்சு. மதியத்துக்குள்ள கதை முடிஞ்சுது. அரண்மனைக்குள்ள பதுங்குன சுமார் 100 சிப்பாய்ங்கள வெளிய இழுத்தாந்து ஒரு செவுத்தோரமா நிக்க வச்சு சுட்டுட்டாங்க. அந்தச் செவுரு எதுன்னு தேடுனேன், ஒரு மணி நேரம், நெஜமா. கிரிக்கெட் ஆடுன பசங்கள கேட்டா "இன்னா செவுருண்ணா?"ன்றானுங்க, பந்து பொறுக்கறதுலதான் கண்ணு. நான் அவனுங்க வயசுல மட்டும் என்னத்த கிழிச்சேன், ஸ்கூல் டூர்ல வந்து ஐஸ் வாங்கித் தின்னுட்டுப் போனவன்தானே.

ஆனா அந்த தலைப்பாகை ரூல் ரத்தாச்சு. அடுத்த வருஷமே கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திரும்பக் கூப்ட்டுக்கிட்டாங்க. நாற்காலி ரெண்டு காலியாச்சு, கிழக்கிந்தியக் கம்பெனி அசையல. திப்பு குடும்பத்த கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க.

திரும்பறப்ப மக்கான் சந்திப்புல அந்த சிப்பாய்ங்க நினைவுத்தூண்கிட்ட நின்னேன். ஜூலை 10க்குப் போட்ட மாலை போல, நாரு மட்டும் தொங்குது. எதுத்தாப்ல டீ குடிச்சேன், 26 கிலோமீட்டரும் நின்னுகிட்டே ஆற்காடு வந்தேன்.