உள்ளானின் கால் வளையத்தைப் படிப்பது எப்படி

புரட்டாசி பிறக்கும்போதே கோடியக்கரை உப்பளங்களில் கொசு உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் சிறு வலசைப் பறவைகள், இறங்கியிருக்கும். பறவை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அலகையும் முதுகையும் பார்த்து இனத்தை முடிவுசெய்துவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிடுவார்கள். காலைப் பார்ப்பவர்கள் குறைவு. பறவையியலாளர் சலீம் அலி காலத்தில், 1959-இல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் தொடங்கிய, பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் பணி இன்றும் நடக்கிறது. வளையம் மாட்டுவது பாதி வேலைதான். யாராவது அதைப் படித்துச் சொன்னால்தான் மீதிப் பாதி முடியும்.

காலில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று உலோக வளையம். எண்ணும் முகவரியும் பொறித்திருக்கும், ஆனால் எழுத்து மிகச் சிறியது. பறவை கையில் இருந்தாலோ மிக நெருக்கமான படம் கிடைத்தாலோ ஒழிய முழு எண்ணைப் படிக்க முடியாது. மற்றொன்று வண்ணக் கொடி, அதாவது காலைச் சுற்றி ஒட்டி ஒரு பக்கம் நாக்கு நீட்டியதுபோல் நிற்கும் பிளாஸ்டிக் துண்டு. நிறம் எந்த இடத்தில் மாட்டியது என்று சொல்லும். வடமேற்கு ஆஸ்திரேலியாவில் மஞ்சள், விக்டோரியாவில் ஆரஞ்சு, ஷாங்காய்க்குப் பக்கத்துச் சோங்மிங் தீவில் கறுப்பும் வெள்ளையும். இரண்டு நிறம் இருந்தால் எது மேலே, எது கீழே என்பதையும் குறிக்க வேண்டும். வரிசை மாறினால் ஊரே மாறிவிடும். கொடியில் எழுத்தும் எண்ணும் இருந்தால் அது எந்தத் தனிப்பறவை என்பதுவரை தெரிந்துவிடும்.

குறிப்பில் அதிகம் தவறுவது இடம் வலம். பறவையின் இடதைத்தான் எழுத வேண்டும், பார்ப்பவரின் இடதை அல்ல. பறவை உங்களை நோக்கி நின்றால் அதன் இடது கால் உங்கள் வலப்பக்கம் இருக்கும். அடுத்த தவறு மேல், கீழ். பின்பக்கமாக மடங்குகிற மூட்டை முழங்கால் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கணுக்கால். வளையமிடுபவர்கள் அதற்கு மேலே உள்ளதை மேல் கால் என்றும் கீழே உள்ளதைக் கீழ் கால் என்றும் குறிப்பார்கள். ஆக மொத்தம் நான்கு இடங்கள், நான்கையும் எழுத வேண்டும்: இடது மேல் காலி, இடது கீழ் உலோகம், வலது மேல் மஞ்சள் கொடி, வலது கீழ் காலி. ‘காலி’ என்பதை எழுதாமல் விட்டால் அங்கே ஒன்றுமில்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று படிப்பவருக்குப் புரியாது. உள்ளான்கள் ஓய்வில் ஒற்றைக் காலில் நிற்கும், அப்படியே நொண்டியும் நகரும். மடக்கிய கால் இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

நிறம் ஏமாற்றும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆரஞ்சு வெளுத்து மஞ்சள்போல் ஆகும். சேறு படிந்த வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும். நிழலில் கருநீலம் கறுப்பாகும். பவளக்காலி என்ற கரைப்பறவையின் இயல்பான செங்காலில் சேறு வளையமாகப் படிந்து பட்டைபோல் காட்டுவதும் உண்டு. ஐயமிருந்தால் ‘ஆரஞ்சு அல்லது மஞ்சள்’ என்றே எழுதுங்கள். துணிந்து எழுதிய தவறைவிட அது நூறு மடங்கு பயன்படும். எழுத்தில் 8-உம் B-யும், 0-வும் D-யும் குழப்பும். படங்களை வெட்டாமல், தொடராக எடுத்த அத்தனையையும் வைத்திருந்தால் ஒன்றில் தெரியாதது இன்னொன்றில் தெரியும்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குப் பின் உப்பளத்தில் கானல் எழும்பி எழுத்தெல்லாம் நெளியும். பறவையை நோக்கி நடக்காதீர்கள். கழிமுகமாக இருந்தால் ஓதம் ஏறும் நேரத்துக்கு முன்பே போய் வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள், தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். கூட்டம் எழும்பிப் பறக்க நேர்ந்தால் கொழுப்பு வீணாகும். மாசி, பங்குனியில் வடக்கே கிளம்பச் சேர்த்துவைக்கும் கொழுப்பு அது.

பறவையின் உடலில் மாட்டித் தடம் அறியும் செயற்கைக்கோள் கருவி இருக்கும்போது வளையம் எதற்கு என்று கேட்பார்கள். கருவியின் எடை பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. கொசு உள்ளான் ஏறக்குறைய 25 கிராம், எனவே அதற்கு முக்கால் கிராம்தான் சுமத்தலாம். மூக்கன் என்ற பெரிய கரைப்பறவை 300 கிராம் இருந்தால் அதற்கு 9 கிராம்வரை போகலாம். கைபேசிக் கோபுரம் வழியாகத் தரவு அனுப்பும் கருவிகளுக்கு இன்னொரு சிக்கல். இவை கோடையில் இனப்பெருக்கத்துக்குப் போகும், மரமற்ற சைபீரியத் துந்திரத்தில் கோபுரம் கிடையாது, மாதக்கணக்கில் பேச்சே இருக்காது. இறகு மூடிச் சூரியத்தகடு மின்னேற்றம் இழப்பதும் சாதாரணம். கருவி மௌனமானால் பறவை செத்துவிட்டது என்று பொருளல்ல.

இத்தனை சிரத்தை எதற்கு? ஒரே பறவை ஒரே பாத்திக்கு ஆண்டுதோறும் திரும்புகிறது என்று கொடி காட்டிவிட்டால், ‘இந்த இடத்தை அழித்தாலும் பக்கத்துக் குளத்துக்குப் போகும்’ என்ற வாதம் நிற்காது. கொசு உள்ளானின் கீழ் கால் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். பாத்தியில் ஒரு சாண் தண்ணீர் தேக்கினாலே அதற்கு அந்த இடம் இல்லாததாகிவிடும். கண்ணுக்கு ஏரி நிரம்பி அழகாக இருக்கும், உள்ளானுக்கு உணவிருக்காது.

செத்த பறவையில் வளையம் இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், பறவைக் காய்ச்சல் அபாயம் உண்டு. கையுறையோடு, எண் முழுதும் வரும்படி வளையத்தைச் சுற்றிலும் படமெடுத்து, வனத்துறைக்கும் வளையத்தில் உள்ள முகவரிக்கும் தெரிவியுங்கள். உயிருள்ள பறவையைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வளையம் படிக்கத்தான் என்றாலும். புறாக்காலில் வளையம் கண்டால் பதற வேண்டாம், அநேகமாகப் பந்தயப் புறா. மும்பையில் உளவுப் புறா என்று சந்தேகித்து எட்டு மாதம் அடைத்துவைத்து 2024 ஜனவரியில் விடுவித்த புறாவும் தைவான் பந்தயப் புறாதான்.

கூட்டம் அடையும் இடத்தை உடனுக்குடன் வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். பறவை பிடிக்க வலை போடுகிறவர்களும் குழுக்களில் இருப்பார்கள். தேதி, நேரம், இடக்குறி, இனம், கூட்டத்தின் அளவு, காலின் நான்கு இடங்களின் குறிப்பு, படங்கள் இவற்றை வளையமிட்ட நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதோடு எத்தனை பறவைகளின் காலைச் சரியாகப் பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள்: ‘கால் பார்த்தவை 140, கொடி உள்ளவை 2’. அந்த 140 இல்லாமல் 2-ஐ வைத்துக் கூட்டத்தின் அளவையோ உயிர்பிழைப்பு விகிதத்தையோ கணக்கிட முடியாது.