பாஸ்விக் காட்டின் தாடி மரங்கள்

பாஸ்விக் போய் வந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கரடி கண்டனியா?" நோர்வேயில் பழுப்புக் கரடிகள் நெருக்கமாக வாழும் இடம் அது என்பதால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுப்பது கரடி அல்ல, பைன் கிளைகளில் தொங்கும் லைக்கன்.

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், ஒரு பக்கம் ரஷ்யாவும் மறுபக்கம் பின்லாந்தும் நெருக்க, ஒடுங்கித் தெற்கே இறங்கும் பள்ளத்தாக்கு பாஸ்விக். சைபீரியா வரை நீளும் தைகா என்ற வடக்கத்திய ஊசியிலைக் காட்டின் ஒரு நுனி. எண்பதுகளில் எங்கள் தமிழ் ஆட்கள் பலர் பாஸ்விக் இருக்கும் ஃபின்மார்க் மாநிலத்தின் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள், அப்பாவும் அப்படி வந்தவர்தான். நான் வளர்ந்த கரையில் பாறையும் கடலும் உண்டு, மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. 300 வயதைத் தாண்டிய பைன்களுக்கு நடுவில் நிற்பது இன்றைக்கும் எனக்குப் பெரிய விஷயம்.

லைக்கன் ஒரு தனிச் செடி இல்லை. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீட்டைக் கட்டும், பாசி வெளிச்சத்தில் சமைக்கும். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பாஸ்விக்கில் இரண்டு வகை கண்ணில் நிறையப் படும். நிலத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர்வது, கிளைகளில் கறுப்பும் சாம்பல் பச்சையுமாகக் கிழவர் தாடி போலத் தொங்குவது. நிலத்து லைக்கன் ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர்கூட முழுதாக வளராது. மழை பெய்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், காய்ந்தால் கால் பட்ட உடனே நொறுங்கும். ரயில் பொம்மைக்காரர்கள் குட்டி மரம் செய்யச் சாயம் போட்டு வைக்கிறார்களே, அது இதேதான்.

பனிக்காலத்தில் கலைமான்கள் குளம்பால் பனியைத் தோண்டி இந்த வெள்ளை லைக்கனைத்தான் தின்கின்றன. பனிமேல் மழை பெய்து மறுபடி உறைந்துவிட்டால் மேலே ஐஸ் தட்டு பிடித்துவிடும், தோண்ட முடியாது. அப்போது மந்தைக்குக் கைகொடுப்பது மரத்துத் தாடிதான். இங்குள்ள பழங்குடியினரான சாமி (Sámi) மேய்ப்பர்கள் பழைய காடுகளை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம், சைபீரிய ஜே என்ற பறவை. சாம்பல் உடம்பு, துருப்பிடித்த செம்மஞ்சள் வால். சத்தமே இல்லாமல் வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும், பயமே கிடையாது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கிடைக்கும் பெர்ரியையும் இறைச்சித் துணுக்கையும் எச்சிலால் உருட்டி, பட்டை இடுக்கிலும் தொங்கும் லைக்கனுக்கு உள்ளேயும் ஒளித்து வைக்கும். இருட்டு மாதங்களை அது கடப்பது இந்தச் சேமிப்பால்தான். பனி உருகும் முன்பே கூடு கட்டிவிடும். கூட்டுக்குள் மெத்தையும் லைக்கன், இறகு, கலைமான் மயிர். இவ்வளவு வடிவான பறவையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை!

சரி, காற்றின் கதைக்கு வருகிறேன். லைக்கனுக்கு வேர் இல்லை, இலையில் இருப்பது போன்ற மெழுகுப் பூச்சும் இல்லை. மழை, மூடுபனி, தூசி எது வந்தாலும் அப்படியே உடம்புக்குள் போகும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு மழையோடு விழுந்த கதிரியக்கச் சீசியம் லைக்கனில் ஏறி, அதைத் தின்ற கலைமானின் இறைச்சிக்குப் போனது. மத்திய நோர்வேயில் அடி பலமாக விழுந்தது. பாஸ்விக்குக்கு வந்த தொல்லை வேறு. எல்லையாக ஓடும் ஆற்றுக்கு அப்பால், சில கிலோமீட்டரில் ரஷ்யாவின் நிக்கல் என்ற நகரம். அங்கிருந்த உருக்காலை ஒரு காலத்தில் நோர்வே நாடு முழுவதையும்விட அதிகமாகக் கந்தக டைஆக்சைடைக் கக்கியது. அந்தப் புகையில் முதலில் சாவது லைக்கன். 1990இல் பாஸ்விக்குக்கு வடக்கே இருக்கும் நோர்வே நகரமான கிர்கெனெஸின் மக்கள் "சாவு மேகங்களை நிறுத்து" என்று இயக்கமே நடத்தினார்கள். ஆலை மூடப்பட்டது 2020 டிசம்பரில்.

கிர்கெனெஸிலிருந்து 885ஆம் இலக்கச் சாலையில் தெற்கே போகும்போது இந்த வரலாறு மரங்களிலேயே தெரியும். நிக்கலுக்கு நேர் எதிரே இருக்கும் ஸ்வான்விக் பக்கம் நான் பார்த்த பிர்ச் மரங்கள் பலவற்றில் பட்டை வெறுமையாகவே இருக்கிறது. தெற்கே போகப் போகத் தாடி நீளும். மேல் பாஸ்விக் தேசியப் பூங்காவில் சில பைன்கள் அடியிலிருந்து நுனிவரை லைக்கன். போன கோடையில் ஸ்வான்விக்குக்குக் கிட்ட ஒரு பிர்ச்சில் நகக்கண் அளவுக்குப் புது லைக்கன் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய காட்டை வெட்டிவிட்டுப் புதிதாக நட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தொங்கும் லைக்கன் பெரும்பாலும் விதைபோல எதையும் தூவுவதில்லை. காற்றில் ஒரு துண்டு கிழிந்து அடுத்த கிளையில் சிக்கினால் அங்கே வளரும். சுற்றிலும் பழைய மரமே இல்லையென்றால் துண்டு எங்கிருந்து வரும்? நட்ட பைன் உயரமாகிவிடும், ஆனால் கிளை மொட்டையாக நிற்கும். கலைமானுக்கும் ஜேக்கும் அதில் ஒன்றும் இல்லை. பூங்கா 1970இல் உருவாகி 2003இல் விரிவுபட்டு 119 சதுர கிலோமீட்டர் ஆனது. எனக்கு அது போதாது.

போக நினைப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில் போங்கள். நுளம்பு குறைந்திருக்கும், லிங்கன்பெர்ரி பழுக்கத் தொடங்கியிருக்கும். சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துப்போங்கள். மழை பெய்த மறுநாள் நல்லது. வெயிலில் நிலம் காய்ந்திருந்தால் பாதையை விட்டு இறங்காதீர்கள்.